தொல்லுயிர் ஆவணத் தொடர்களில் சான்று எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

காட்டுயிர்ப் படம் எடுப்பவர், புலி வரும்வரை மறைவிடத்தில் காத்திருந்து, வந்த புலியைப் படம் பிடிக்கிறார். டைனோசர் படம் எடுப்பவருக்குக் கிடைப்பதோ, பாறைக்குள் சிதறிக் கிடக்கும் எலும்புகளும், சில இடங்களில் கால்தடங்களும், அரிதாகத் தோலின் பதிவும் மட்டுமே. அப்படியிருந்தும் இருவருடைய படங்களும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுகின்றன. 1999-இல் பிபிசி ஒளிபரப்பிய 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' என்ற ஆறு பகுதித் தொடர், காட்டுயிர்ப் படத்தின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டதிலிருந்து இது தொடங்குகிறது. அதில் அறிவியலாளர் ஒருவரும் திரைக்கு வரவில்லை; கென்னத் பிரானாவின் பின்னணிக் குரல், கண்ணெதிரே நடப்பதைச் சொல்வதுபோல நிகழ்காலத்திலேயே பேசிச் சென்றது. பார்ப்பதற்கு மிக இன்பமான இந்தப் பாணிக்கு ஒரு குறை உண்டு: உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்பதை அது வெளியே காட்டுவதில்லை. அதைப் பார்வையாளரே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான சில வழிகளைக் கீழே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஆண்டைப் பாருங்கள்

எந்தத் தொடராக இருந்தாலும், அது எந்த ஆண்டு வெளிவந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொல்லுயிரியல் வேகமாக மாறும் துறை. பத்தாண்டுப் பழைய தொடரில் சில செய்திகள் காலாவதியாகியிருக்கும் என்று எதிர்பார்த்தே உட்கார வேண்டும். மேலே சொன்ன 1999 தொடரில் லியோப்ளூரோடான் என்னும் கடல் ஊர்வன 25 மீட்டர் நீளமுள்ள பூதமாக வந்தது. இன்றைய மதிப்பீட்டில் அதன் நீளம் 6 முதல் 7 மீட்டர் வரைதான். அதே தொடரின் படப்பிடிப்புக் குழுவினர், டைனோசர் காலத்தில் புல் கிடையாது என்ற அன்றைய கருத்தை மதித்து, புல் முளைக்காத நிலங்களைத் தேடி சிலி, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அலைந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின், மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்ற ஊரில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களுக்குள் புல்லின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருப்பதை 2005-இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. டைனோசர் யுகத்தின் கடைசிப் பிரிவான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியிலாவது, இந்தியாவிலாவது, டைனோசர்கள் புல்லைத் தின்றிருக்கின்றன. அந்தப் படப்பிடிப்புக் குழுவினரின் உழைப்பை இதற்காகக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அன்று கையிலிருந்த அறிவுக்கு அவர்கள் நேர்மையாக இருந்தார்கள்.

ஆண்டு தெரியாத தொடர் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு அடையாளங்களைக் கொண்டு அதன் தரத்தை விரைவாகக் கணிக்கலாம். வெலோசிராப்டர் என்ற ஊனுண்ணி டைனோசரின் முன்கை எலும்பில் இறகுத் தண்டுகள் பொருந்திய முடிச்சுகள் இருந்ததை 2007-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் அந்த விலங்கை வெறும் பல்லித் தோலோடு காட்டுகிறவர்கள் பழைய கணினிப் பொம்மையைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, உள்ளங்கை. டைரனோசார் போன்ற ஊனுண்ணி டைனோசர்களின் மணிக்கட்டு, உள்ளங்கையைத் தரையை நோக்கிக் கவிழ்க்க இடம் கொடுக்காது. இரு உள்ளங்கைகளும் கைதட்டப் போவதைப்போல ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். கைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டபடி ஒரு டைனோசர் திரையில் நடந்து வந்தால், தொடரை எடுத்தவர்கள் தொல்லுயிரியலாளர் எவரையும் கலந்து பேசவில்லை, அல்லது பேசியும் கேட்கவில்லை.

ஒரு காட்சியை நான்காகப் பிரிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சி உங்களைக் கவர்ந்தால், அதை நிறுத்தி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கல்லில் நேரடியாகக் கிடைத்தது எது? அதிலிருந்து உடற்கூறு அறிவால் உய்த்துணர்ந்தது எது? இன்று வாழும் உயிர்களைப் பார்த்து ஒப்புமையால் சேர்த்தது எது? மிச்சம் எவ்வளவு முழுக் கற்பனை?

2022-இல் ஆப்பிள் டிவியில் வந்த 'பிரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடரில் கார்னோடாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசர் வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கொம்புள்ள ஆண் விலங்கு ஒன்று காட்டுக்குள் ஓர் இடத்தைச் சுத்தம் செய்து ஆடுகளமாக்குகிறது. பெண் விலங்கு வந்ததும், மிகச் சிறிய தன் இரு கைகளையும் உயர்த்தி, அவற்றின் நீல நிறத்தைக் காட்டியபடி ஆடுகிறது. இதில் கல்லில் கிடைத்தது, அர்ஜென்டினாவில் 1984-இல் தோண்டியெடுத்த, ஏறக்குறைய முழுமையான ஒரே எலும்புக்கூடு. கண்ணுக்கு மேலுள்ள கொம்புகளும், வேட்டைக்குப் பயன்படாத அளவுக்குச் சிறுத்துப்போன கைகளும், செதில் நிறைந்த தோலின் பதிவுகளும் அதில் இருந்தன. கைகளில் ஒரு விந்தை உண்டு: இவ்வளவு சுருங்கிய பிறகும் மேற்கை எலும்பின் தலை பந்துபோல உருண்டு, தோள்மூட்டில் நன்றாகச் சுழலக்கூடியதாக இருந்தது. அந்தக் கை அசைந்திருக்கும் என்பது உய்த்துணர்வு. பிடிக்கவும் கிழிக்கவும் உதவாத உறுப்பு துணையை ஈர்க்கப் பயன்பட்டிருக்கலாம் என்பதும், களத்தைப் பெருக்கி ஆடுவது என்பதும், இன்றைய பறவைகளிடமிருந்து வந்த ஒப்புமைகள். நீல நிறமும், நடன அசைவுகளும், பெண் விலங்கு கடைசியில் எடுக்கும் முடிவும் கற்பனை. அப்படிப் பிரித்த பிறகு அந்தக் காட்சி எனக்கு மேலும் பிடித்துப்போனது; ஏனென்றால், அந்தக் கற்பனை ஒரு மூட்டு எலும்பின் வடிவத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. டேரன் நெய்ஷ் என்ற தொல்லுயிரியலாளர் அந்தத் தொடருக்குத் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தார். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அப்படி ஒரு பொறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

நிறத்தையும் ஒலியையும் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. நிறம் பெரும்பாலும் கற்பனை. ஆனால் சில விலங்குகளுக்கு அப்படியில்லை. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் இறகு போன்ற இழைகளில் நிறமித் துகள்களின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெளுப்பும் மாறி மாறி வந்திருக்க வேண்டும் என்று 2010-இல் காட்டினார்கள். ஒலியைப் பொறுத்தவரை, குரல்வளையின் மென்மையான பாகங்கள் கல்லாகி நிலைப்பது மிகமிக அரிது. பாராசாரோலோஃபஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் தலைக்கொண்டையிலுள்ள உட்குழாய்களை ஸ்கேன் செய்து, அதன் வழியே வந்திருக்கக்கூடிய ஒலியைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தது போன்ற முயற்சிகள் விதிவிலக்கு. டைரனோசார் வாயைப் பிளந்து சிங்கத்தைப்போல முழங்குவது திரைப்படத்தின் கொடை. முதலைகளையும் பறவைகளையும் ஒப்பிட்டால், வாயை மூடியபடி அடித்தொண்டையில் உறுமியிருக்கும் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தப் பிரிவினையைத் தொடரே செய்து காட்டினால் நமக்கு வேலை குறைவு. 2011-இல் பிபிசி வெளியிட்ட 'பிளானட் டைனோசர்', சண்டைக் காட்சியை நடுவில் நிறுத்தி, அதற்கு அடிப்படையான எலும்பையும் அதிலுள்ள பல் தடத்தையும் காட்டிவிட்டுத் தொடரும். வரைகலை அவ்வளவு பளபளப்பானது அல்ல. ஆனாலும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். 2025-இல் பழைய பெயரிலேயே வந்த புதிய 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரும், எலும்பு தோண்டும் இடத்தையும் விலங்கின் கதையையும் மாற்றி மாற்றிக் காட்டியது.

காலத்துக்கு ஓர் அளவுகோல்

எல்லாத் தொடர்களிலும் எண்கள் வந்து விழுகின்றன. எதுவும் மனத்தில் தங்குவதில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்குத் தாள்களை ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக் குரல் 'ஒரு மில்லியன் ஆண்டு' என்று சொல்வது உங்கள் தாளில் சரியாக ஒரு மில்லிமீட்டர். வலது ஓரம் இன்று. அங்கிருந்து இடப்பக்கமாக 66 மில்லிமீட்டரில் டைனோசர்களின் முடிவு. 201-இல் டிரையாசிக் இறுதிப் பேரழிவு. 252-இல் பெர்மியன் இறுதிப் பேரழிவு. 372-இல் டெவோனியன் பிற்பகுதியின் பேரழிவு. 445-இல் ஆர்டோவிசியன் இறுதிப் பேரழிவு. 539-ஐ ஒட்டி, ஓடுகளும் கண்களும் உள்ள விலங்குகள் பாறைகளில் மலியத் தொடங்கும் கேம்பிரியன் காலம் ஆரம்பமாகிறது. நம்முடைய இனத்தின் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளை நன்றாகச் சீவிய பென்சில் முனையால்தான் குறிக்க முடியும். பூமியின் மொத்த வயதையும் இதே அளவில் வரைய நாலரை மீட்டர் தாள் வேண்டும் என்பதால், அதற்கு வீட்டுச் சுவர்தான் ஒத்துவரும்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இந்தத் தாளை ஒட்டிவைத்துவிட்டு, திரையில் வரும் ஒவ்வொரு விலங்கையும் அதனதன் இடத்தில் எழுதிவாருங்கள். வேறு வேறு காலத்து விலங்குகளை ஒரே காட்சியில் மோதவிடும் மலிவான தொடர்கள் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மாறாக, 'பிரீஹிஸ்டாரிக் பிளானட்' தன் முதல் ஐந்து பகுதிகளையும் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டதால், அதன் விலங்குகள் எல்லாம் 66-ஐ ஒட்டி ஒரே இடத்தில் குவியும்.

பேரழிவுக் காட்சிகள்

மிகுந்த கவனத்துடன் பார்க்க வேண்டியவை இவை. பிற காட்சிகளில் தவறினால் ஒரு விலங்கின் நிறத்தையோ நீளத்தையோ தவறாகப் புரிந்துகொள்வோம். இங்கே தவறினால் உலகம் எப்படி இயங்குகிறது என்பதையே தவறாகப் புரிந்துகொள்வோம்.

'ஐந்து பேரழிவுகள்' என்ற கணக்கு, டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி என்ற இருவர் 1982-இல் கடல் உயிர்களின் புதைபடிவப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்ததிலிருந்து வந்தது. கடல் உயிர்கள் என்பதைக் கவனியுங்கள். ஓடுள்ளவை சேற்றில் புதைந்து எளிதில் கல்லாகும். காட்டில் செத்தது பெரும்பாலும் சுவடின்றிப் போய்விடும். ஆகவே விழுக்காடு ஒன்றைக் கேட்டவுடன், அது கடலுக்கா நிலத்துக்கா, இனங்களுக்கா, நெருங்கிய இனங்களைத் தொகுத்த பேரினங்களுக்கா என்று கேளுங்கள். பெர்மியன் இறுதியில் 96 விழுக்காடு இனங்கள் அழிந்தன என்று பல தொடர்கள் சொல்கின்றன. அது 1979-இல் ராப் கணக்கிட்ட உச்ச வரம்பு. எப்போதும் நடந்துகொண்டிருக்கும் சாதாரண அழிவையும் சேர்த்து எண்ணியதால் அந்த எண் பெருகிவிட்டது என்று வாதிட்டு, ஸ்டீவன் ஸ்டான்லி 2016-இல் அதை 81 விழுக்காடு என்று குறைத்தார். இரண்டுமே பயங்கரமான எண்கள்தான். ஆனால் ஒன்றை மட்டும் ஐயத்துக்கிடமில்லாததைப்போலச் சொல்லும் குரலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இன்னொன்று, 'இனங்களில் 81 விழுக்காடு' என்பதை 'விலங்குகளில் 81 விழுக்காடு' என்று கேட்டுக்கொள்ளக் கூடாது. லட்சக்கணக்கில் மடிந்தும் நாலைந்து தப்பிப் பெருகிவிட்டால், அந்த இனம் தப்பிய கணக்கில்தான் வரும்.

அடுத்தது வேகம். பெர்மியன் அழிவைக் காட்டும் தொடர்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ எரிமலை ஒன்றை வெடிக்கவைத்து, அதன் அடிவாரத்தில் விலங்குகளை ஓடவிடுகின்றன. சைபீரியாவில் நடந்தது அப்படியல்ல; நிலம் நீண்ட பிளவுகளாகப் பிளந்து, பல லட்சம் ஆண்டுகளுக்குத் தீக்குழம்பு விட்டு விட்டு வழிந்தது. அந்தக் குழம்பு விலங்குகளைத் துரத்திக் கொல்லவில்லை. நிலத்தடியில் நிலக்கரிப் படிவங்களையும் உப்புப் படிவங்களையும் அது சுட்டதால் கிளம்பிய வளிகள் உலகைச் சூடாக்கின. கடல் வெப்பமேறியது, அமிலத்தன்மை கூடியது, நீரில் ஆக்சிஜன் குறைந்தது. சீனாவின் மெய்ஷான் பாறை அடுக்குகளைக் கொண்டு கணித்தபோது, அழிவின் முக்கியக் கட்டம் சுமார் 60,000 ஆண்டுகள் நீடித்ததாகத் தெரிந்தது. உங்கள் அளவுகோலில் அது தாளின் தடிமனைவிடக் குறைவு. அதே சமயம், அதற்குள் நடுவில் வாழ்ந்த எந்த விலங்குக்கும் அது உலகம் அழியும் நாளாகத் தெரிந்திருக்காது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். எந்தத் தொடரும் இதை இதுவரை எனக்கு நிறைவாகக் காட்டியதில்லை.

டைனோசர்களின் முடிவான, சிறுகோள் மோதிய கதையில் மட்டும் அவசரக் காட்சிக்கு நியாயம் இருக்கிறது. இத்தாலியின் குப்பியோ ஊரருகே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் அடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் வழக்கத்தைவிட 30 மடங்கு இருப்பதை லூயிஸ் ஆல்வாரெஸும் அவருடைய மகன் வால்டரும் உடனிருந்த இரு வேதியியலாளர்களும் 1980-இல் அறிவித்தார்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் புதைந்திருந்த சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம்தான் மோதிய இடம் என்று 1991-இல் அடையாளம் காட்டினார்கள். 2016-இல் அந்தப் பள்ளத்தைத் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில், மோதிய முதல் நாளிலேயே படிந்த சுமார் 130 மீட்டர் தடிமனுள்ள கல், மணல் அடுக்குகள் இருந்தன. சுற்றுவட்டாரத்தில் நிறையக் கிடக்கும் கந்தகப் பாறை அந்தத் தண்டில் மட்டும் இல்லை. அது ஆவியாகி வானுக்குப் போயிருந்தது. தீப்பிழம்பையும் பேரலையையும் தொடர்கள் அழகாகவே காட்டுகின்றன. ஆனால் தொலைதூரக் கண்டங்களில் உயிர்களைக் கொன்றது, அந்தக் கந்தகமும் புழுதியும் புகைக்கரியும் சூரியனை மறைத்ததால் வந்த இருட்டும் குளிரும் பட்டினியும்தான். இருட்டையும் பட்டினியையும் படமாக்கினால் பார்வையாளர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்ற அச்சமோ என்னவோ, அந்த மாதங்களைப் பெரும்பாலும் இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிகளைத் தவறவிடாதீர்கள்.

டைனோசர்கள் அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தன என்று ஒரு தொடர் சொன்னால், அதற்குச் சான்றாக எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். நமக்குக் கிடைத்த கடைசி எலும்பு, உண்மையில் வாழ்ந்த கடைசி விலங்கின் எலும்பாக இருக்கவே வாய்ப்பில்லை. அதனால், ஒரே நாளில் எல்லாம் முடிந்திருந்தாலும், பாறையில் அது படிப்படியான மறைவைப்போலவே தோன்றும். பிலிப் சிக்னர், ஜெரி லிப்ஸ் ஆகியோர் 1982-இல் சுட்டிக்காட்டிய இந்த விளைவைக் குறிப்பிடும் தொடர்கள் மிகச் சில.

மோர்கன் ஃப்ரீமன் குரலில் 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லைஃப் ஆன் அவர் பிளானட்' ஐந்து பேரழிவுகளையும் எட்டுப் பகுதிகளில் காட்டுகிறது. படமாக்கம் சிறப்பாக இருக்கிறது. ஆனால் உயிர்க் குழுக்களை அரச வம்சங்களாகவும், பரிணாமத்தைப் போர்க்களமாகவும் அது பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலூட்டிகள் டைனோசர்களை வென்று அரியணை ஏறவில்லை. அரியணை காலியான பிறகுதான் பெருத்தன. இத்தகைய தொடர்கள் இறுதியில் இன்றைய 'ஆறாவது பேரழிவு'க்கு வரும்போதும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: பழைய ஐந்திலும் ஏறத்தாழ முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் இனங்கள் அழிந்துபோயின என்பது மதிப்பீடு, இன்று அறிவியலாளர்களைக் கவலைப்படவைப்பது இதுவரை அழிந்த பங்கு அல்ல, அழியும் வேகம்.

பரபரப்பை ஆறவிடுங்கள்

கண்டுபிடிப்பும் படமும் ஒரே வாரத்தில் வெளிவந்தால் பொறுமையாக இருங்கள். ஜெர்மனியின் மெசல் பள்ளத்தில் கிடைத்த, 4.7 கோடி ஆண்டுப் பழமையான 'ஈடா' என்ற சிறு விலங்கின் புதைபடிவத்தை, மனித வம்சத்தின் விடுபட்ட கண்ணி என்று 2009 மே மாதத்தில் ஆய்வுக் கட்டுரை, நூல், தொலைக்காட்சிப் படம் எல்லாவற்றோடும் சேர்த்து அறிவித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள், அது நம் கிளையைவிட லெமூர்களின் கிளைக்கே நெருக்கமானது என்ற ஆய்வு வந்துவிட்டது. அந்தச் செய்திக்கு யாரும் படம் எடுக்கவில்லை. அமெரிக்காவின் வட டகோட்டாவிலுள்ள டானிஸ் என்ற புதைபடிவக் களத்தைப் பற்றி 2022-இல் டேவிட் அட்டன்பரோ வழங்கிய பிபிசி நிகழ்ச்சியும், சிறுகோள் மோதிய நாளிலேயே இறந்ததாகச் சொல்லப்பட்ட டைனோசர் காலைக் காட்டியபோது, அதைப் பற்றிச் சக அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரை வெளியாகியிருக்கவில்லை. அப்படிப்பட்டவற்றை 'இருக்கலாம்' என்ற பட்டியலில் எழுதிவைத்து, ஓராண்டு கழித்துத் தேடிப் பாருங்கள்.

இவற்றோடு சேர்க்கக் கூடாத இன்னொரு வகை உண்டு. 2013-இல் டிஸ்கவரி, தன் சுறா வார ஒளிபரப்பில், என்றோ அழிந்துபோன மெகலோடான் என்ற பெரிய சுறா இன்றும் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு 'ஆவணப்படம்' காட்டியது. அதில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். திரையில் தோன்றும் ஆய்வாளரின் பெயரையும் அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தையும் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

'உலகிலேயே பெரியது' என்ற சொற்றொடரும் எச்சரிக்கை மணியாக ஒலிக்கட்டும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று ஓர் விலங்குக்குப் பெயரிட்டார்கள். அதன் கணைக்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருப்பதால், மிகப் பெரிய டைனோசர் பட்டியல்களில் அது அடிக்கடி வருகிறது. எளிதில் உதிரும் தன்மையுள்ள அந்த எலும்புகளோ பின்னர் பொடிந்தே போய்விட்டன. எஞ்சியவை பழைய வரைபடங்களும் ஒளிப்படங்களும்தான். அளவைச் சொல்லும் தொடர், எத்தனை எலும்புகளிலிருந்து அந்த அளவு வந்தது என்பதையும் சொல்கிறதா என்று கேளுங்கள்.

குழந்தைகளோடு பார்ப்பதானால், ஒரே அமர்வில் ஒரு பகுதிக்கு மேல் போடாதீர்கள். நான்கு கேள்விகளையும் அவர்களையே கேட்கச் சொன்னால், 'அது நீலம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று திரையைப் பார்த்தே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். விடுமுறை வந்தால் தமிழ்நாட்டில் பார்ப்பதற்கு இடங்கள் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் திறந்த வெளியிலேயே கிடக்கிறது. அரியலூர்ப் பகுதியில் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல், உங்கள் அளவுகோலில் 66-க்குச் சற்று இடப்பக்கம் எழுத வேண்டிய கடலின் அடித்தளம். அதில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையவும் கூடாது, கல்மரத்தைப் பெயர்த்து எடுக்கவும் கூடாது. அளவுகோல் தாளைச் சுருட்டி எடுத்துப் போங்கள். பார்க்கும் ஓட்டின் காலத்தை அங்கேயே அதில் குறித்துக்கொள்ளலாம்.